முப்பத்தொன்றாம் பாட்டு

எழுபதாவது இதழுக்கான வரலாற்றுக் கட்டுரையில் ஜோங்ரான் 1987-ஆம் ஆண்டுக்கு வந்து சேர்ந்திருந்தபோது அலுவலகத்தின் இளம் ஆய்வு உதவியாளர் ஹானா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். தட்டாமல் வருகிற பெண் இல்லை அவள். மடிக்கணினியைத் திறந்தபடியே கையில் ஏந்தியிருந்தாள். அதன் ஒயர் தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது.

"மேடம், ஒரு நிமிஷம் இதக் கேளுங்க."

"இந்தப் பத்திய முடிச்சுக்கறேன்."

"முடிக்கறதுக்கு முன்னாடி கேட்டுட்டா நல்லது மேடம்."

ஜோங்ரான் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். 'தென்கடல் இலக்கிய ஆய்வு' என்ற அந்த அரையாண்டு இதழின் அலுவலகம் தென்கொரியாவின் மோக்போ துறைமுகத்துக்கு மேலே, ஒரு மீன்வலைக் கடையின் மூன்றாம் மாடியில் இருந்தது. முப்பத்தைந்து வருஷமாக அதே அறை. கடலோர மாவட்டங்களின் கதை, பாட்டு, பேச்சுவழக்கு என்று தலைநகரத்துப் பேராசிரியர்கள் கண்டுகொள்ளாத எல்லாவற்றையும் ஆராய்வதற்காகப் பேராசிரியர் குக் தொடங்கிய இதழ் அது. முதல் இதழைப் பன்னிரண்டு பேர் சேர்ந்து கையாலேயே மடித்துத் தைத்தார்கள். இப்போது நாட்டின் எந்தப் பல்கலைக்கழக நூலகத்திலும் அது இருக்கும். ஜோங்ரான் எட்டாம் இதழில் எழுத ஆரம்பித்து, இருபதாம் இதழில் ஆசிரியர் குழுவுக்கு வந்து, ஐம்பதாம் இதழிலிருந்து பொறுப்பாசிரியராக இருக்கிறாள். வயது ஐம்பத்தொன்பது. அவள் திருத்திக் கொடுத்த கட்டுரையை எடுத்துக்கொண்டு மறுபடி கேள்வி கேட்க வருகிறவர்கள் குறைவு. "மேடம் சொல்லிட்டாங்கன்னா சரியாத்தான் இருக்கும்" என்பது அந்த மாடிப்படியில் அடிக்கடி காதில் விழுகிற வாக்கியம். அவளும் அதை நம்பினாள். நம்பாமலிருக்கக் காரணம் எதுவும் இதுவரை வந்ததில்லை.

ஹானா ஒரு பொத்தானை அழுத்தினாள். முதலில் காற்றின் இரைச்சல். பிறகு ஒரு பெண்ணின் குரல், தகரத்தில் ஆணியால் கீறுவது போல, ஆனால் சுருதி விலகாமல்.

*மூச்சுநீர் வருமுன்னே முடிஞ்சிடணும் என் வேலை*
*மூச்சுநீர் போனபின்னே முடியாது என் கூலி…*

ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் கடல் சற்றே நிற்கும் பொழுதுக்கு மூச்சுநீர் என்று பெயர். பாட்டு முடிந்ததும் ஓர் ஆண்குரல், "இந்தச் சொல்லு இங்க யாரும் சொல்றதில்லையேம்மா?" என்று கேட்டது. அந்தப் பெண் சிரித்தாள். "என் மாமியா கிழக்குக் கடக்கரைலேருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவ. அவ சொல்லுவா. அவகிட்டேருந்து இந்தத் தெருவே சொல்லுது."

"வானொலி நிலையத்துக் கிடங்குல இருந்த பழைய டேப்பு மேடம். 1971. வட்டார வழக்கப் பிரிச்சுச் சொல்லச் சொல்லி எனக்கு அனுப்பினாங்க" என்றாள் ஹானா. "யோன்மி தீவுல பதிவு பண்ணினது. நீங்க போலின்னு சொன்ன பதினாலு பாட்டுல எட்டு இதுல இருக்கு. அச்சரம் பிசகல."

ஜோங்ரான் மறுபடி கேட்டாள். மூன்றாம் தடவையும் கேட்டாள். பிறகு, "சரி, நீ போ. நான் கூப்பிடறேன்" என்றாள். குரல் வழக்கம்போலவே இருந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

விஷயம் இதுதான். 1987-இல் யோன்மி தீவுத் தொடக்கப் பள்ளியில் தாக் ஓக்ரிம் என்று ஓர் ஆசிரியை இருந்தாள். பாசி பறிக்கும்போதும் உப்பு வாரும்போதும் தீவுப் பெண்கள் பாடுகிற பாட்டுகளைப் பதினைந்து வருஷம் அலைந்து எழுதியெடுத்து, நாற்பத்து மூன்றைத் தேர்ந்து இதழுக்கு அனுப்பினாள். ஏழாம் இதழில் அவை வந்தன. மாவட்ட நிர்வாகம் அதைப் புத்தகமாகப் போடுவதாக அறிவித்தது. எட்டாம் இதழில் ஜோங்ரானின் கட்டுரை வந்தது. அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது, ஆய்வு மாணவி. நாற்பத்து மூன்றில் பதினான்கு பாட்டுகள் மக்களுடையவை அல்ல, படித்த ஒரு கை செய்தவை என்று அவள் வாதிட்டிருந்தாள். முதல் சாட்சி பன்னிரண்டாம் பாட்டின் 'மூச்சுநீர்'. அது கிழக்குக் கரைச் சொல், மேற்குத் தீவு ஒன்றில் வர வழியே இல்லை, ஆசிரியை ஏதோ புத்தகத்திலிருந்து எடுத்துச் செருகியிருக்கிறார் என்று எழுதினாள். போலியை அடையாளம் காண ஓர் உரைகல் வேண்டுமே, அதற்கு முப்பத்தொன்றாம் பாட்டை எடுத்துக்கொண்டாள். வடக்குக் குடியிருப்பைச் சேர்ந்த காம்ரே என்ற மீனவ விதவை பாடியது என்று குறிப்போடு வந்த பாட்டு அது. "எழுத்தறிந்த எந்தக் கையாலும் இப்படி எழுத முடியாது" என்று அதைப் பற்றி அவள் எழுதிய வரி பின்னால் ரொம்பப் பேசப்பட்டது.

அந்தக் கட்டுரையால்தான் அவளுக்கு வேலை கிடைத்தது. பாட்டை எப்படிச் சோதிப்பது என்பதற்கு இன்றும் மாணவர்களுக்கு அதைத்தான் கொடுக்கிறார்கள். ஓக்ரிமின் புத்தகம் நின்றுபோனது. அவள் அடுத்த வருஷமே மாற்றல் கேட்டுத் தீவை விட்டு நாட்டின் உட்பகுதிக்குப் போய்விட்டாள் என்று யாரோ சொன்னார்கள். ஒரு மறுப்புக்கூட அனுப்பவில்லை. மறுக்க எதுவும் இல்லாததால்தானே என்று எல்லோரும் முடிவுகட்டிக்கொண்டார்கள், ஜோங்ரானும்தான்.

அவள் எழுந்து இரும்பு அலமாரியைத் திறந்து எட்டாம் இதழின் கோப்பை எடுத்தாள். அவளுடைய கையெழுத்துப் பிரதி அதில் இருந்தது. நான்காம் பக்கத்தில், "தீவுக்கு நேரில் சென்று சரிபார்க்கும்வரை இதை முடிவாகக் கொள்ள இயலாது" என்ற வாக்கியத்தின் மேல் பேராசிரியர் குக் சிவப்பு மையால் கோடு இழுத்திருந்தார். ஓரத்தில், 'பயம் எதற்கு?' என்று ஒரு குறிப்பு. கொஞ்ச நேரம் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குக் இறந்து ஆறு வருஷமாகிறது. அவர் தலையில் போட்டால் யாரும் வந்து கேட்கப் போவதில்லை. ஆனால் கோடு இழுத்த அன்று அவள் அழவில்லை, வாதாடவில்லை. அந்த வாக்கியம் போனதும் கட்டுரை கத்தி மாதிரி ஆகிவிட்டது என்று மகிழ்ந்தவள் அவள்தான்.

கோப்பை மூடிவிட்டு, இதழை நடத்தும் ஆய்வுக் கழகத்தின் தலைவர் பேராசிரியர் ஜேயை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள்.

துறைமுகத்தை ஒட்டிய கடையில் வாளைமீன் குழம்பு கொதிக்கக் கொதிக்க வந்தது. ஜே முழுக்கதையும் கேட்டு முடிக்கும்வரை முள்ளெடுப்பதை நிறுத்தவில்லை. அவர் எழுபது வயதிலும் முள் ஒன்றுகூட விடாமல் எடுத்துவிட்டு மீன் சாப்பிடுகிறவர்.

"மே மாசம் மதிப்பீட்டுக் குழு வருது, ஞாபகம் இருக்கா?" என்றார்.

"இருக்கு சார்."

"இந்தத் தடவ தரம் இறங்கினா நம்ம இதழ்ல எழுதினா எந்தப் பிள்ளைக்கும் வேலை கிடைக்காது. எழுத வரமாட்டாங்க. அப்புறம் இதழ் எதுக்கு? ஒரு அடிக்குறிப்புப் போடு. 'புதிய சான்றுகள் கிடைத்துள்ளன'ன்னு. சின்ன எழுத்துல."

"நான் அவங்களப் போலின்னு எழுதினது பெரிய எழுத்துல சார்."

ஜே தலை தூக்கினார். "கோவமா இருக்கியா, குற்ற உணர்ச்சியா இருக்கியா?"

"ரெண்டும் இல்ல. தப்பாயிருக்கு. திருத்தணும். மத்தவங்க கட்டுரைக்கு இருபது வருஷமா இதத்தான பண்ணிட்டிருக்கேன்?"

"மத்தவங்களுக்குப் பண்றது ஈஸி" என்று சொல்லிவிட்டு அவர் அவள் கிண்ணத்தில் மீனின் நடுத்துண்டை எடுத்து வைத்தார். சண்டை போடும்போதும் நடுத்துண்டை எதிராளிக்கு வைக்கிற மனிதர். அதனால்தான் அவரிடம் சண்டை போடுவது கஷ்டமாக இருந்தது.

தாக் ஓக்ரிம் ஓய்வுபெற்றபின் யோன்மி தீவுக்கே திரும்பி வந்து கீரை பயிரிடுகிறாள் என்று ஹானா விசாரித்துச் சொன்னாள். தொலைபேசி எண்ணும் கொடுத்தாள். ஜோங்ரான் அதை வாங்கிக்கொண்டாள், ஆனால் கூப்பிடவில்லை. போனில் ஒருவர் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டால் போக முடியாது. நேரே போய் நின்றால் திட்டுவதற்காகவாவது பேசித்தானே ஆகவேண்டும். வியாழக்கிழமை காலை எட்டு மணிப் படகில் ஏறினாள்.

பிப்ரவரி மாதக் காற்று. படகுத்துறையில் இறங்கியதும் எதிரே ஆளுயரத்துக்கு ஒரு கருங்கல் நின்றது. 'சட்டை' என்று தலைப்பு. 'வாய்மொழிப் பாட்டு. பாடியவர்: காம்ரே' என்று கீழே. அது முப்பத்தொன்றாம் பாட்டு. பள்ளிப் பாடநூலில் வந்தபிறகு மாவட்டக்காரர்கள் வைத்தது. அவள் கட்டுரையின் அந்த ஒற்றை வரியையும் பின்பக்கத்தில் செதுக்கியிருந்தார்கள். கல்லைத் திறந்துவைக்க அவளைக் கூப்பிட்டபோது வேலையிருக்கிறது என்று வரவில்லை. ஆகவே இந்தத் தீவில் அவள் கால் படுவது இதுதான் முதல் தடவை.

வழி கேட்டுப் போனபோது சரிவான ஒரு வயலில் ஐந்தாறு பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஒவ்வொருத்தியின் பின்புறத்திலும் வட்டமான பஞ்சு இருக்கை ஒன்று ரப்பர் பட்டையால் தொடையோடு கட்டியிருந்தது. எழுந்தால் கூடவே எழும், உட்கார்ந்தால் முக்காலி. உறைபனியில் தரையோடு தரையாக விரிந்துகிடந்த கீரையைச் சிறு கத்தியால் அறுத்தபடி நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

"ஓக்ரிம் டீச்சர் யாருங்க?"

கடைசி வரிசையிலிருந்து ஓர் உருவம் திரும்பியது. பூப்போட்ட பஞ்சுக் கால்சட்டை, காதை மூடிய தொப்பி, அதற்குள் சின்ன முகம். "நான்தான். நீங்க?"

"பியோ ஜோங்ரான்."

"எந்த பியோ?"

"எட்டாம் இதழ்."

கத்தி நின்றது. மற்றப் பெண்கள் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்கள். ஓக்ரிம் கொஞ்ச நேரம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வரப்பில் கிடந்த இன்னொரு பஞ்சு இருக்கையைக் கத்தி முனையால் காட்டினாள்.

"அத மாட்டிக்கிட்டு உட்காருங்க. நின்னுக்கிட்டே பேசினா அண்ணாந்து பாத்து எனக்குக் கழுத்து வலிக்கும்."

கம்பளிக் கோட்டின் மேலேயே ஜோங்ரான் அந்த ரப்பர் பட்டையை இழுத்து மாட்டிக்கொண்டாள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஓக்ரிம் அவள் கையில் ஒரு கத்தியைக் கொடுத்தாள். "சும்மா உட்கார்ந்தா குளிரும். அறுங்க. ரொம்ப மேல வெட்டாதீங்க, வேர்ல அந்தச் செவப்பு கொஞ்சம் ஒட்டியிருக்கணும். இனிப்பு அதுலதான் இருக்கு."

ஜோங்ரான் மூன்று செடி அறுத்தாள். மூன்றையும் ஓக்ரிம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றை மட்டும் கூடையில் போட்டாள்.

பேச்சை எப்படித் தொடங்குவது என்று படகில் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றுகூட இப்போது உதவவில்லை. செல்போனை எடுத்துப் பதிவை ஓடவிட்டாள். தகரத்தில் கீறும் அந்தக் குரல் வயலில் எழுந்ததும் முன்வரிசையில் ஒரு பெண் "ஐயோ, இது நம்ம மல்சுன் அக்கா!" என்று கத்தினாள்.

"மல்சுன்தான்" என்றாள் ஓக்ரிம். "செத்து இருபது வருஷமாச்சு. அப்பவே தொண்டை இப்படித்தான்." முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பாட்டு முடிந்து, மாமியாரைப் பற்றிய அந்தப் பேச்சும் முடிந்தபிறகு கேட்டாள், "இது எந்த வருஷம்?"

"எழுபத்தொண்ணு. நீங்க எழுத ஆரம்பிக்கறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி." ஜோங்ரான் கத்தியைக் கீழே வைத்தாள். "டீச்சர், நான் எழுதினது தப்பு. எட்டுப் பாட்டு இந்தத் தீவோடதுன்னு டேப்பே சொல்லுது, மிச்ச ஆறையும் போலின்னு சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்ல. அத நான் இங்க வந்து கேக்காமலே எழுதினேன்."

"ஏன் வரல?"

"வரக் கிளம்பினேன். பனிமூட்டம். படகு விடல."

"மறுநாள் விட்டிருப்பாங்களே?"

"விட்டாங்க."

முப்பத்திரண்டு வருஷத்தில் இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மறுநாள் காலை துறைமுகம் பளிச்சென்று இருந்ததும், அவள் நூலகத்துக்குப் போனதும், நான்கு அகராதிகளில் அந்தச் சொல் இல்லை என்பதே போதும் என்று தோன்றியதும் அவளுக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள்.

ஓக்ரிம் இரண்டு செடி அறுத்துக் கூடையில் போட்டாள். "பள்ளிக்கூடத்துல பசங்க 'போலி டீச்சர்'னு கூப்பிட்டாங்க" என்றாள் பிறகு, சாதாரணமாக. "அதுகூடப் பரவால்ல, பசங்க. மல்சுன் வந்து கேட்டா பாருங்க, 'என் பாட்டுப் பொய்யாமே? அப்ப என் மாமியா யாரு?'ன்னு. அதுக்கு என்னால பதில் சொல்ல முடியல. மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டேன்."

"மறுப்பு எழுதியிருக்கலாமே டீச்சர். மல்சுன் உயிரோட இருந்தாங்க. கூட்டிட்டு வந்து பாடச் சொல்லியிருந்தா நான் அன்னைக்கே…"

"எழுத முடியாது."

"ஏன்?"

ஓக்ரிம் தொப்பியைத் தள்ளிவிட்டுக்கொண்டாள். "உங்க கட்டுரைல தப்பு ஒண்ணு இல்ல, ரெண்டு. ரெண்டாவது முப்பத்தொண்ணு."

ஜோங்ரானுக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம்தான் பாட்டின் எண்ணைச் சொல்கிறாள் என்று புரிந்தது.

"காம்ரே பாடவே மாட்டா" என்றாள் ஓக்ரிம். "புருஷன் கடல்ல போனதுலேருந்து பேச்சும் குறைஞ்சுபோச்சு. நான் நோட்டோட போகும்போதெல்லாம் பக்கத்துல வந்து உட்காருவா. எல்லாரும் பாடி முடிச்சதும் எம்மூஞ்சியப் பாத்து, 'எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா'ம்பா. ஒரு வருஷமில்ல, நாலு வருஷம். அவ வீட்டுக் கொடியில புருஷன் சட்டை தொங்கும். மழை வந்தா எடுப்பா, வெயில் வந்தா மறுபடி போடுவா. ஒரு நாள் நானே எழுதினேன். எழுதி அவளுக்குப் படிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு, 'இது என்னோடதுதான்'னா. அவ பேர்லயே போட்டுட்டேன்."

*நீ ஏறின படகு நிலாவுக்கே போச்சுதோ*
*நான் காயவெச்ச சட்டை நாலு வருஷமாக் காயலையே*

எழுத்தறிந்த எந்தக் கையாலும் இப்படி எழுத முடியாது. ஜோங்ரான் அந்த வாக்கியத்தை மாநாடுகளில் சொல்லியிருக்கிறாள், வானொலியில் சொல்லியிருக்கிறாள், ஐந்நூறு மாணவர்களுக்காவது சொல்லியிருப்பாள். படகுத்துறையில் கல்லில் வேறு இருக்கிறது. அந்தக் கை இதோ பக்கத்தில், மண் படிந்த ரப்பர் உறையோடு, கீரை அறுத்துக்கொண்டிருக்கிறது.

"உங்க கட்டுரையப் படிச்சு முதல்ல அழுதேன். அப்புறம் முப்பத்தொண்ணப் பத்தி எழுதினதப் படிச்சிட்டுச் சிரிச்சேன். ராத்திரி முழுக்கச் சிரிச்சிருக்கேன்னா பாத்துக்கங்க" என்றாள் ஓக்ரிம். "சிரிச்சு முடிச்சப்பதான் மாட்டிக்கிட்டது தெரிஞ்சுது. மறுப்பு எழுதினா உண்மை எழுதணும். இது ஒண்ணு என்னோடதுன்னு சொன்னா மிச்ச நாப்பத்திரண்டும் என்னோடதுன்னு ஆயிடும். இவளுகளோட பாட்டெல்லாம் என்னால போயிடும். சொல்லாம விட்டா பதினாலுதான் போகும். கணக்குப் போட்டுப் பாத்துட்டு வாய மூடிக்கிட்டேன்."

காற்று பலமாக வீசியது. ஜோங்ரான் வெட்கப்பட்டாள், உண்மைதான். ஆனால் வெட்கத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த உணர்வு. ஒரு கட்டுரையின் முடிச்சு அவிழ்ந்துகொடுக்கும்போது விரல் நுனியில் வருகிற சுறுசுறுப்பு. இப்போது டேப் இருக்கிறது. எட்டுப் பாட்டுக்குக் குரல் சாட்சி இருக்கிறது. இனி உண்மையைச் சொன்னால் மற்றவை விழாது.

"இப்ப சொல்லலாம் டீச்சர்."

"அதனாலதான் சொல்றேன். போட்டா ரெண்டையும் போடுங்க. நீங்க போலின்னு சொன்னது போலியில்ல, அசல்னு சொன்னது நான் எழுதினது. ஒண்ண மட்டும் போட்டு என்ன நல்லவளாக்கறதா இருந்தா எனக்கு அது வேணாம்." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தாமலே சேர்த்தாள். "அப்புறம், அது நல்ல பாட்டு. எம்பேரு போடுங்க. எழுபத்தெட்டு வயசாயிடுச்சு, இனிமே என்ன அடக்கம்?"

அன்று மாலைப் படகில் ஜோங்ரான் பேராசிரியர் ஜேக்குப் போன் செய்தாள். இயந்திர இரைச்சலுக்கு மேலே கத்திப் பேச வேண்டியிருந்தது.

"அதாவது" என்றார் ஜே முழுதும் கேட்டுவிட்டு, "உண்மையான பாட்டப் பொய்னோம். எழுதின பாட்ட உண்மைன்னோம். பாடப்புத்தகத்துல வேற ஏத்திவிட்டோம். இத நம்ம காசுல நாமளே அச்சடிக்கணும், அதான?"

"நாமதான் சார் அச்சடிக்கணும். வேற எவனாவது கண்டுபிடிச்சு எழுதினா அது நம்ம மேல வந்த விமர்சனம். நாம எழுதினா ஆய்வு."

"உனக்கு ஓய்வுக்கு ஒரு வருஷம் இருக்கு. அந்தக் கட்டுரைதான் உன் பேரு."

"தப்பான கட்டுரை சார். வேற எழுதிக்கறேன்."

"அப்ப அந்த இதழுக்கு நான் முன்னுரை எழுத மாட்டேன்."

"சரி சார். ரெண்டு பக்கம் மிச்சம். பாட்டப் பெரிய எழுத்துலயே போட்டுக்கலாம்."

அவர் போனை வைத்துவிட்டார். ஜோங்ரான் படகின் அறைக்குள் போய், அடியிலிருந்து சூடேற்றியிருந்த தரையில் மற்றப் பயணிகளோடு காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள். கோட்டின் பின்பக்கம் முழுக்க மண். உறக்கம் உடனே வந்தது.

மூன்று வாரத்தில் எழுதி முடித்தாள். இதழின் முப்பத்தைந்து வருஷ வரலாறு என்று தொடங்கியிருந்ததை அப்படியே எடுத்து வைத்துவிட்டு, முதல் வாக்கியத்தைப் புதிதாக எழுதினாள்: 'இந்த இதழின் வரலாற்றில் மிகப் பெரிய பிழையைச் செய்தவள் நான்.' குக்கின் சிவப்புக் கோடு பற்றியும் எழுதினாள். 'ஆசிரியர் அந்த வாக்கியத்தை நீக்கினார். நீக்கியதில் எனக்குச் சந்தோஷம்' என்று அதை இரண்டே வாக்கியத்தில் முடித்தாள். பனிமூட்டமும் மறுநாள் வெயிலும் வந்தன. மல்சுன்னின் மாமியார் வந்தாள். ஹானா டேப்பிலிருந்து எட்டுப் பாட்டையும் எழுத்துப் பிசகாமல் எடுத்துக் கொடுத்தாள். அவள் பெயர் கட்டுரையின் இணையாசிரியராக மேலே ஏறியது. "'போல', 'எனலாம்' எல்லாம் ஒண்ணுகூட இல்லையே மேடம்" என்றாள் ஹானா மெய்ப்பைப் படித்துவிட்டு. "இந்தத் தடவ நேர்ல போய்ட்டு வந்தேன்ல" என்றாள் ஜோங்ரான்.

அச்சுக்குப் போகிற அன்று காலை ஜேயிடமிருந்து ஒரு தாள் வந்தது. முன்னுரை, மூன்றே வரி. அதில் மதிப்பீட்டைப் பற்றியோ தரத்தைப் பற்றியோ எதுவும் இல்லை. எழுபதாம் இதழை வாசகர்கள் கடைசிவரை படிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச் கடைசியில், அச்சு வாசனை போகாத பத்துப் பிரதிகளோடு அவள் மறுபடி யோன்மி தீவுக்குப் போனாள். கீரைக்கு அதுதான் கடைசி அறுப்பு. நடுவில் தண்டு விடத் தொடங்கியிருந்தது. பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வரப்பில் சுற்றி உட்கார்ந்தார்கள். ஓக்ரிம் கண்ணாடி கொண்டுவரவில்லை. "ச்சுன்ஷிம், நீ படி" என்றாள். ஊர்க் கூட்டங்களில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிறவள் ச்சுன்ஷிம். தொண்டையைச் செருமிக்கொண்டு, செய்தி வாசிப்பது போல நிறுத்தி நிறுத்திப் படித்தாள். மூச்சுநீர் வந்த இடத்தில் எல்லோரும் "நம்ம மல்சுன் அக்கா!" என்றார்கள். முப்பத்தொன்று வந்தபோது சத்தமில்லை. காம்ரே கேட்டுவிட்டு, 'இது என்னோடதுதான்' என்று சொன்ன இடத்தை ச்சுன்ஷிம் இரண்டு தடவை படித்தாள். ஜோங்ரான் ஓக்ரிமைப் பார்த்தாள். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தாள். அந்த முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கீழே பெரிய எழுத்தில் 'சட்டை' என்றும், 'எழுதியவர்: தாக் ஓக்ரிம்' என்றும் அச்சாகியிருந்தது. ச்சுன்ஷிமுக்கு அதைப் படிக்க வரவில்லை. அதாவது, அந்த வரிகளைக் கண்டதும் வாய் தானாக ராகத்துக்குப் போய்விட்டது.

*நீ ஏறின படகு நிலாவுக்கே போச்சுதோ*
*நான் காயவெச்ச சட்டையப் பக்கத்து வீட்டான் போட்டுக்கிட்டான்*

"அடியே, அதுல அப்படியா இருக்கு?" என்று ஜோங்ரானுக்குப் பக்கத்திலிருந்தவள் எட்டிப் பார்த்தாள். "நாலு வருஷமாக் காயலன்னு போட்டிருக்கு!"

"பாடப்புத்தகத்துல வந்ததுலேருந்து எங்க தெருவுல இப்படித்தான் பாடுவோம்."

"உங்க தெருவுல பக்கத்து வீட்டான் அப்படிப்பட்டவன்."

"உன் வீட்டுச் சட்டை ஒழுங்கா இருக்கான்னு போய்ப் பாரு!"

சிரிப்பில் ஒருத்தி கூடையைத் தட்டிவிட்டாள். இன்னொருத்தி மூன்றாவதாக ஒரு வரி சொன்னாள். அதில் சட்டையும் இல்லை, பக்கத்து வீட்டானும் இல்லை, மழை இருந்தது. எது சரி என்று சண்டை மூண்டது. "டீச்சரம்மா, நீங்களே சொல்லுங்க. எழுதினது நீங்கதான? எது சரி?" என்று ச்சுன்ஷிம் திரும்பிக் கேட்டாள். எல்லோரும் திரும்பினார்கள்.

ஓக்ரிம் ரப்பர் உறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினாள். ச்சுன்ஷிமின் கையிலிருந்த இதழை வாங்கி மடியில் விரித்து, காற்றில் புரளாமல் முழங்கையால் அழுத்திக்கொண்டாள். ஜோங்ரானைப் பார்த்து, "பேனா இருக்கா?" என்றாள்.

பேனாவை வாங்கி, கண்ணாடி இல்லாததால் முகத்தைத் தாளுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய், தன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளை ஓரத்தில் அன்றைய தேதியைப் போட்டாள். அதற்குக் கீழே ச்சுன்ஷிமின் பெயர். அதற்குக் கீழே தெற்குத் தெரு.

"இன்னொரு தடவ பாடு" என்றாள். "மெதுவா. எழுதணும்."